படம் எடுக்காதே என்பவரின் கடமை

தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் பக்தர்கள் கைபேசி கொண்டுசெல்வதைத் தடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் இந்து சமய அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. திருச்செந்தூர் முருகன் கோயில் தொடர்பான வழக்கில் பிறந்த உத்தரவு அது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018 முதலே இந்தக் கட்டுப்பாடு நடப்பில் இருக்கிறது. இதே காலத்தில்தான் கோயில் வாசல்களிலும் பிராகாரங்களிலும் தேரோடும் வீதிகளிலும் கண்காணிப்புக் கேமராக்கள் பெருகின. பக்தர் கையிலிருந்த கேமரா வாசலோடு நின்றுவிடுகிறது. நிர்வாகத்தின் கேமரா உள்ளே இரவு பகலாக விழித்திருக்கிறது. பார்க்கப்படுகிறவர் பார்த்ததைப் பதிவு செய்யக் கூடாது, பார்க்கிறவர் எல்லாவற்றையும் பதிவு செய்யலாம் என்ற ஏற்பாடு நியாயமானதுதானா? பாதுகாப்பு என்ற ஒரு சொல் இதற்குப் போதிய விடையாகிவிடுமா?

இந்தக் கேள்வியை நிறுத்திப் பார்க்க ஸ்ரீரங்கம் ஏற்ற இடம். 156 ஏக்கர் பரப்பு, ஏழு திருச்சுற்றுகள், 21 கோபுரங்கள் என்று கோயிலின் பெருமையைச் சொல்வது வழக்கம். ஆனால் அந்த மதில்களுக்குள் ஓர் ஊரே குடியிருக்கிறது. சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் வீடு, கடை, பள்ளிக்கூடம், திருமண மண்டபம் எல்லாம் உண்டு. வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசல் திறக்கும் நாளில் லட்சக்கணக்கானோர் அதே வீதிகளில் நிறைகிறார்கள். கலை, வழிபாடு, கூட்டம், குடித்தனம் நான்கும் ஒரே மதிலுக்குள் இருப்பதால், ஒன்றுக்குச் சரியான விதி மற்றொன்றுக்குத் தவறாகப் போவதை இங்கே கண்கூடாகக் காணலாம்.

தடையின் பக்கத்து நியாயத்தை முதலில் முழுமையாக ஒப்புக்கொள்ள வேண்டும். மூலஸ்தானத்தில் பெரிய பெருமாளைச் சேவிக்கும் நேரம் சாதாரண நாளில்கூடச் சில நொடிகள்தான். தொலைவிலிருந்து வந்து, மணிக்கணக்காக வரிசையில் நின்ற ஒருவருக்கும் அந்த நொடிகளுக்கும் நடுவில் இன்னொருவரின் தூக்கிய கை வந்து நிற்பது சிறிய தொந்தரவு இல்லை. அது அவரிடமிருந்து திரும்பப் பெற முடியாத ஒன்றைப் பறிப்பது. கண்மூடி நிற்கும் பெண்ணை, அழுதுகொண்டு நிற்கும் முதியவரை அவர்கள் அறியாமல் படம்பிடித்து ஊருக்குக் காட்டுவதும் அறமாகாது. வேண்டுதல் என்பது மனிதர் தம்மைக் காத்துக்கொள்ளாமல் திறந்து நிற்கும் தருணம். அந்தத் தருணத்துக்கு மதில் எழுப்ப ஒரு கோயிலுக்கு உரிமை உண்டு. ஆகவே சன்னதிக்குள் கைபேசி வேண்டாம் என்பதில் மறுப்பதற்கு எதுவும் இல்லை.

ஆனால் தடைக்கு இன்னொரு காரணமும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. படம் வெளியே போனால் திருமேனிகளுக்கும் நகைகளுக்கும் ஆபத்து, மறைத்து வைப்பதே காப்பு என்பது அது. இந்தக் காரணத்தை அப்படியே ஏற்க முடியாது. ஸ்ரீரங்கத்தின் சொந்த வரலாறே வேறொன்றைச் சொல்கிறது.

1323இல் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்தைத் தாக்கியபோது உற்சவரான நம்பெருமாளை ரகசியமாக வெளியே கொண்டுசென்றார்கள். பிள்ளை லோகாசாரியர் முதுமையிலும் அந்தக் காவலை ஏற்று மதுரைப் பக்கம் போய், ஜோதிஷ்குடியில் உயிர்நீத்தார் என்பது வைணவ மரபு. பிறகு பல ஊர்களில் இருந்துவிட்டு, திருப்பதியிலும் தங்கி, 1371இல் விஜயநகர அதிகாரி கோபணாரியரின் முயற்சியால் நம்பெருமாள் திரும்பினார். அதுவரை காத்தது ரகசியம்தான். அதில் ஐயமில்லை. சிக்கல் திரும்பி வந்த பிறகு வந்தது. இடைப்பட்ட காலத்தில் கோயிலில் வேறொரு உற்சவரை எழுந்தருளச் செய்திருந்தார்கள். இரண்டில் பழைய மூர்த்தி எது என்று உறுதிசெய்ய ஊரில் ஆள் இல்லை. ஒரு தலைமுறையே மறைந்துவிட்டிருந்தது. அப்போது கோயில் துணி வெளுத்துவந்த, பார்வை இழந்த முதியவர் ஒருவர், திருமஞ்சனம் செய்த ஈர ஆடையின் தீர்த்தத்தைச் சுவைத்து இவரே நம் பெருமாள் என்று சொன்னார், அதை ஊர் ஏற்றது என்று கோயில் மரபு சொல்கிறது. இடையில் வழிபடப்பட்டவரும் புறக்கணிக்கப்படவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு அங்கேயே இருக்கிறார்.

இந்த நிகழ்ச்சியை மரபுக்கதையாகவே எடுத்துக்கொண்டாலும் அதன் நீதி கூர்மையானது. தெய்வத்தைக் கொண்டுபோகும்போது ரகசியம் காத்தது. யார் தெய்வம் என்று காட்டியது பழக்கம். அந்தப் பழக்கம் அதிகாரியிடமோ ஆவணத்திலோ எஞ்சியிருக்கவில்லை. கோயில் படிநிலையில் கடைசியில் வைக்கப்பட்டிருந்த ஒரு தொழிலாளியின் நாவில் எஞ்சியிருந்தது. ஒரு பொருளை எத்தனை பேர் நெருங்கி அறிந்திருக்கிறார்களோ, அத்தனை பேரும் அதற்குக் காவல்.

இதன் மறுபக்கத்தை அண்மைக் காலத்தில் ஸ்ரீபுரந்தான் காட்டியது. இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள அந்தச் சிற்றூர் ஒரு காலத்தில் ஒன்றுபட்ட திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள சோழர் காலத்துச் சிவன் கோயிலில் வழிபாடு குன்றிப் போய், கோயில் பூட்டிக் கிடந்தது. 2006இல் அங்கிருந்து செப்புத் திருமேனிகள் திருடப்பட்டன. நடராசர் சிலை, நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர் வழியாக, கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்துக்குப் போனது. 2008இல் அக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து அதை வாங்கியது. கோயிலைத் திறந்து பார்த்துச் சிலைகள் இல்லை என்று இங்கே அறிந்ததும் அதே 2008இல்தான். பூட்டு சிலையைக் காக்கவில்லை. சிலை இல்லாததைத்தான் மறைத்து வைத்திருந்தது.

நடராசர் திரும்பி வரக் கை கொடுத்தவை புகைப்படங்கள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களின் நடுப்பகுதியிலிருந்து தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஸ்ரீபுரந்தான் நடராசர் கோயிலில் இருந்தபோது எடுத்த படம் அதில் இருந்தது. கலைக்கூடத்தில் இருந்த சிலையோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்று என்று உறுதியானது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் அதை இந்தியாவிடம் ஒப்படைத்தார். உடையார்பாளையம் வரதராஜப் பெருமாள் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் 10 ஆண்டுத் தண்டனை விதித்தது. திருச்சி மத்திய சிறையில் அவர் அடைக்கப்பட்டிருந்தார். தண்டனைக்கு அடுத்த மாதம் வந்தது கைபேசித் தடை உத்தரவு. இரண்டுக்கும் சட்டத்தில் தொடர்பு இல்லை. ஆனாலும் இரண்டையும் சேர்த்து நினைக்க வேண்டிய கடமை சமூகத்துக்கு இருக்கிறது.

படம் இருந்தால் திருடனுக்கும் உதவுமே என்ற மறுப்பு வலுவானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சிலை கடத்துவோரும் வாங்குபவருக்குக் காட்டப் படம் எடுத்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அவர்களுக்குத் தடையும் ஒரு பொருட்டில்லை, பொதுப் பதிவேடும் தேவையில்லை. உள்ளூர் ஆளும் பூட்டிய கோயிலும் அவர்களுக்குப் போதும். வெளியிடப்பட்ட படம் அவர்களுடைய சந்தையைத்தான் கெடுக்கிறது. எந்த ஊர்ச் சிலை என்று உலகறிந்த ஒன்றை நேர்மையான கலைக்கூடம் எதுவும் வாங்கத் துணியாது. ஆகவே எதை மறைப்பது, எதைச் சொல்வது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நகை எந்த அறையில் இருக்கிறது, சாவி யாரிடம், காவல் எப்போது மாறுகிறது என்பவை ரகசியமாக இருக்கட்டும். இந்தக் கோயிலில் இன்னின்ன திருமேனிகள் இருக்கின்றன, அவற்றின் முன்புறமும் பின்புறமும் பீடமும் இப்படி இருக்கும் என்பது ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்து மதில்களில் உள்ள 500க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இதற்கு முன்மாதிரி. யார் எந்த நிலத்தைக் கொடுத்தார், எந்த விளக்கு எத்தனை காலம் எரிய வேண்டும் என்பதைப் பெட்டியில் பூட்டாமல், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி கல்லில் வெட்டினார்கள். கணக்கை வெளியே வைப்பதும் காவல்தான் என்று அறிந்தவர்கள் அவர்கள்.

பக்தர்களின் கைபேசிப் படங்கள் இந்தப் பதிவுக்கு மாற்று ஆகாது என்பதும் உண்மை. அலங்காரத்தில் பாதி மறைந்த திருமேனியின் முன்னால் எடுத்த படத்தை வைத்து எந்த வழக்கையும் நிறுவ முடியாது. முறையான பதிவை நிர்வாகம்தான் செய்ய முடியும். அதனால்தான் அது கடமையாகிறது. மக்களின் கையிலிருந்து பதிவு செய்யும் கருவியை வாங்கி வைப்பவர், அவர்களுக்காகப் பதிவு செய்யும் பொறுப்பையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார். அதை நிறைவேற்றாத நிர்வாகத்துக்குத் தடை போடச் சட்ட உரிமை இருக்கலாம். அற உரிமை இல்லை.

சிலைப் பாதுகாப்பு மையங்களுக்கும் இதே நெறி பொருந்தும். திருட்டுக்கு அஞ்சிச் சிற்றூர்க் கோயில்களின் ஆயிரக்கணக்கான செப்புத் திருமேனிகள் திருவாரூர் போன்ற இடங்களில் உள்ள மையங்களில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஸ்ரீபுரந்தானைப் பார்த்த பிறகு அதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தன் சாமியை ஒரு தலைமுறை பார்க்காமல் வளர்ந்த ஊரில் அதைத் தேடுவதற்கும் ஆள் இருக்காது. திருவிழாவுக்கேனும் திருமேனி ஊர் வந்து போக வேண்டும். அதன் படம் ஊர்க் கோயிலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காப்பு என்ற பெயரில் நடப்பது மெதுவான இழப்பு.

கண்காணிப்புக் கேமராவுக்கும் இந்த அளவுகோலே. ஏகாதசிக் கூட்டத்தில் நெரிசலை முன்கூட்டி அறியவும், தொலைந்த குழந்தையைத் தேடவும் கேமரா வேண்டும். அது உயிரைக் காக்கும் கருவி. ஆனால் யாத்திரிகர் மறுநாள் ஊர் திரும்பிவிடுவார். உத்திர வீதிக்காரர் எங்கே போவார்? அவர் பால் வாங்கப் போவதும், அவர் வீட்டுக்கு யார் வந்தார் என்பதும் ஆண்டு முழுவதும் பதிவாகிக்கொண்டிருந்தால் அது வேறு விஷயம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் தீர்ப்பளித்தது. சேர்த்து வைத்த பதிவு எவ்வளவு பத்திரம் என்ற கேள்வியும் வெறும் கற்பனை இல்லை. தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளமே 2024 மே மாதம் ஊடுருவப்பட்டது. காக்கச் சேர்த்ததே கசிந்தது. ஆகவே பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம், எப்போது அழிக்கப்படும் என்பதைக் கேமரா இருக்கும் இடத்திலேயே தமிழில் எழுதி வைக்க வேண்டும். கேட்கும் குடிமகனுக்குப் பதில் சொல்ல ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும்.

விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கிறதா என்பது அடுத்த சோதனை. கூலித் தொழிலாளியின் கைபேசியை வாசலில் வாங்கிக்கொண்டு, செல்வாக்குள்ளவர் வரும்போது அவரோடு வரும் படக்காரரை உள்ளே விட்டால், அந்தத் தடைக்குப் புனிதம் காரணமாக இருக்க முடியாது. பரமபத வாசல் திறப்பைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டுவது வேறு. படுக்கையில் இருப்பவருக்கும் வெளிநாட்டில் இருப்பவருக்கும் அது சேர்கிறது, பொதுவாகப் பகிரப்படுகிறது. தனிமனிதரின் பெருமைக்காக விதி வளைவதைத்தான் ஏற்கக் கூடாது. வாங்கி வைத்த கைபேசியை ஏழைக்குச் சுமையில்லாமல் பத்திரமாகத் திருப்பித் தருவதும், கூட்டத்தில் பிரிந்த குடும்பம் ஒன்றுசேர ஒலிபெருக்கியும் உதவி மையமும் வைப்பதும் தடையோடு சேர்ந்த கடன்கள். சிலருக்குக் கைபேசிதான் பிழைப்பு. சிலருக்கு மருத்துவமனையில் இருக்கும் உறவோடு உள்ள ஒரே தொடர்பு.

தடையின் எல்லையையும் இடம் பார்த்து வகுக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் ஆரியபடாள் வாசலுக்கு உள்ளே வழிபாடு முதன்மை. வெளியே வந்தால் சேஷராயர் மண்டபத்தில் பாய்ந்து நிற்கும் குதிரைத் தூண்கள் இருக்கின்றன. வேணுகோபாலன் சன்னதியின் புறச்சுவரில் நுண்ணிய சிற்பங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு மாணவர் ஒரு தூணை நான்கு பக்கமும் படமெடுத்துப் படித்தால் யாருடைய வழிபாடும் கெடாது. அந்தக் கல்லுக்குக் கூடுதலாக ஓர் உறவு கிடைக்கும். நாளை அந்தத் தூணில் ஒரு விரல் உடைந்தால் முதலில் அறிபவர் அவராகவே இருப்பார். எல்லா இடத்துக்கும் ஒரே தடை என்பது நிர்வாகத்துக்கு எளிது. நிர்வாகத்தின் வசதியை அறம் என்று அழைக்கக் கூடாது.

எனவே முடிவு இதுதான். சன்னதியில் கைபேசியைத் தடுப்பது சரி; அதை மக்கள் மனமுவந்து ஏற்க வேண்டும். அதற்கு ஈடாக மக்கள் கேட்டுப் பெற வேண்டியவை மூன்று: ஒவ்வொரு கோயிலின் திருமேனிகளையும் யாரும் பார்க்கக்கூடிய படப் பதிவேடு, கண்காணிப்புப் பதிவுகளுக்கு வெளிப்படையான கணக்கு, பெரியவர் சிறியவர் பாராத ஒரே விதி. இவை இருந்தால் தடை எல்லாருக்கும் பொதுவான ஒழுக்கமாகும். இவை இல்லாமல் தடை மட்டும் இருந்தால், தெய்வத்தைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, தெய்வத்தை அறிந்தவர்களின் எண்ணிக்கையை ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக்கொண்டிருப்போம். அறிந்தவர் இல்லாத ஊரில் எந்தப் பூட்டும் நிலைக்காது.