நீயே எழுதிக் கொண்டு வா

நவம்பர் கடைசி வாரம். சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரி விடுதி. இறுதியாண்டு மாணவன் ஒருவன் மடிக்கணினி முன் உட்கார்ந்து தன்னைப் பற்றித் தானே படர்க்கையில் எழுதிக்கொண்டிருக்கிறான். ‘இந்த மாணவனை எனக்கு மூன்று ஆண்டுகளாகத் தெரியும். வகுப்பில் கூர்மையான கேள்விகள் கேட்பான்.’ கேட்டிருக்கிறானா? ஒரு தடவை கேட்டான். “அது சிலபஸ்ல இல்லப்பா” என்று பேராசிரியர் அதை அங்கேயே முடித்துவிட்டார். ‘கேள்விகள்’ என்ற பன்மையில் வந்து விரல் நின்றுவிட்டது.

அவன் எழுதுவது அதே பேராசிரியர் தர வேண்டிய சிபாரிசுக் கடிதம். பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறவர்களிடம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வழக்கமாக இப்படி மூன்று கடிதம் கேட்கும். பல இடங்களில் டிசம்பர் 15 கடைசி நாள். காலையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றதற்குக் கிடைத்த பதில்: “நீயே ஒரு டிராஃப்ட் எழுதி அனுப்பிடுப்பா. நான் பார்த்து அப்லோட் பண்ணிடறேன்.” அவரை ரொம்பக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. மேசையில் விடைத்தாள் கட்டு. கடிதம் கேட்டு இதே வாரத்தில் வந்த ஏழாவது ஆள் இவன். ஆளுக்கு எட்டுப் பத்துப் பல்கலைக்கழகங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1974-இல் அமெரிக்கா கொண்டுவந்த ஃபெர்பா என்ற சட்டம், மாணவர்கள் தங்கள் கல்விக் கோப்பைப் பார்க்கலாம் என்று உரிமை கொடுத்தது. சேர்ந்த பிறகு, கோப்பில் பத்திரமாக இருக்கும் சிபாரிசுக் கடிதமும் அதில் அடங்கும். வேண்டுமானால் அந்த உரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுத்தால்தான் கடிதத்துக்கு மதிப்பு என்பது சீனியர்கள் சொல்லித்தரும் முதல் பாடம். ஆகவே இவனும் கட்டத்தில் டிக் அடித்தான்: இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையைக் கைவிடுகிறேன். பிறகு அடுத்த விண்டோவுக்குப் போய் அதே கடிதத்தின் இரண்டாம் பத்தியைத் தொடங்கினான்.

இது பொய்தானா? அவனைக் கேட்டால் இல்லை என்பான். ஆய்வகத்தில் இரவு பதினொரு மணி வரை இருந்தது உண்மை. புராஜெக்டில் சென்சார் பிழையைக் கண்டுபிடித்தது அவன்தான். எதையும் இட்டுக்கட்டவில்லை. தீங்கு விளைவிக்காத சொல்தான் வாய்மை என்று திருவள்ளுவரே இலக்கணம் வகுத்திருக்கிறாரே, இதில் யாருக்கு என்ன தீங்கு?

சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சமண முனிவர் தன்னைத் தானே புகழும் இந்த விவகாரத்தை யோசித்து வைத்திருக்கிறார். நன்னூல் தந்த பவணந்தியார். ஒரு நூலின் பெருமையைச் சொல்லும் சிறப்புப் பாயிரத்தை யார் எழுதலாம் என்று பாயிரவியலில் நான்கு பேரைச் சொல்கிறார்: நூல் செய்தவனின் ஆசிரியன், அவனோடு படித்தவன், அவனுடைய மாணவன், தகுதியுள்ள உரைகாரன். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு படித்தவர் என்பது மரபு. இதுவரை யாரும் காணாததைக் கண்டு, துறை பல முடித்தவனாகவே இருந்தாலும், தன்னைத் தானே புகழ்வது தகாது என்பது அடுத்த விதி.

அதோடு அவர் நிறுத்தியிருந்தால் விண்ணப்பிக்கிற கூட்டம் மொத்தமும் தப்பு செய்ததாகிவிடும். அதற்கும் அடுத்த சூத்திரத்தில் விலக்கு தருகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. இந்த நான்கு இடங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். முதல் இரண்டையும் சேர்த்துப் படித்தால் எஸ்.ஓ.பி. என்று மாணவர்கள் சொல்லும் ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸுக்கு இலக்கணம் எழுதிவைத்த மாதிரியே இருக்கிறது. கடல் கடந்து இருக்கிற, தன்னை யாரென்றே தெரியாத ஒரு சபைக்குப் போகிற ஓலைதானே அது!

இந்த விலக்கு ஒரு சமணரிடமிருந்து வருவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் என்ற சமண நூல் இழிந்த பிறவிக்குக் காரணமான வினைகளைப் பட்டியலிடும் இடத்தில் பிறரைப் பழிப்பதையும் தன்னைப் புகழ்வதையும் அருகருகே வைக்கிறது. பிறரிடம் உள்ள நற்குணத்தை மறைப்பதும், தன்னிடம் இல்லாததை உள்ளதாகக் காட்டுவதும் அதே வரிசையில்தான். சமணத்தில் வினை என்பது உயிரின்மேல் தூசி போல உண்மையிலேயே வந்து படிகிற பொருள். தற்புகழ்ச்சி என்றால் அப்படிப் படிகிற அழுக்கு என்று நம்பிய மரபில் வந்தவர், பிழைப்புக்காக ஓலை கொண்டுபோகும் புலவனுக்கு நான்கு கதவுகளைத் திறந்துவிட்டார்.

ஆனால் நான்கும் சொந்தப் பெயரில் நுழையும் கதவுகள். ஆசிரியன் வாயை இரவல் வாங்கி மாணவன் தன்னைப் புகழ்வதற்கு அவர் பட்டியலில் இடமில்லை. பாயிரமும் தற்புகழ்ச்சியும் வேறு வேறு என்று அடுத்தடுத்த சூத்திரங்களில் அவர் பிரித்ததை, “நீயே எழுதிக் கொண்டு வா” என்ற ஒரே வாக்கியம் ஒட்டிவிடுகிறது.

ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கும்போது கடிதம் மட்டும் எப்படிப் பொய்யாகும்? இதற்கு இந்தியத் தர்க்க மரபான நியாய தரிசனத்தில் போய்ப் பார்க்க வேண்டும். காட்சி, அனுமானம் போல நம்பத்தக்கவனின் சொல்லும் அறிவைத் தரும் ஓர் அளவை என்கிறது நியாய சூத்திரம். அந்த நம்பத்தக்கவன், ஆப்தன், யார்? உரை எழுதிய வாத்ஸ்யாயனர் சாதி, ஊர், படிப்பு எதையும் கேட்கவில்லை. ரிஷிக்கும் மிலேச்சனுக்கும் ஒரே இலக்கணம்தான் என்று சொல்லிவிடுகிறார். பொருளை நேரில் அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடி சொல்லும் விருப்பம் வேண்டும். அவ்வளவே. இதன்படி கடிதம் என்பது அதிலுள்ள வாக்கியங்கள் மட்டுமல்ல, ‘நான் பார்த்தேன்’ என்று ஒருவர் ஏற்கும் பொறுப்பும் சேர்ந்தது. சென்சார் பிழையைப் பேராசிரியர் பார்க்கவில்லை. அன்று அவர் ஊரிலேயே இல்லை.

ஆப்தன் ஒருவன் இருந்துவிட்டால் கடிதம் எவ்வளவு சுருங்கும் என்பதற்கு 1948 பிப்ரவரியில் ஜான் நாஷுக்காக பிரின்ஸ்டனுக்குப் போன கடிதம் சாட்சி. கார்னகி டெக் பேராசிரியர் ரிச்சர்ட் டஃபின் எழுதியது. சில வரிகள்தான், பையன் கணித மேதை என்பதுதான் சாரம். 1994-இல் நாஷுக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. தீங்கு எங்கே என்று கேட்ட மாணவனுக்கும் இங்கே பதில் உண்டு. அவனுடைய ஒன்றரைப் பக்கத்துக்குப் பக்கத்தில், வேறொரு கல்லூரியில் வேறொரு ஆசிரியர் உண்மையாகவே யோசித்து எழுதிய நான்கு வரி கிடக்கும்.

எஸ்.ஓ.பி.யிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஆற்றலைச் சொல்லத்தான் பவணந்தியார் அனுமதி தந்தார். அமெரிக்கப் படிவமோ, ஆய்வில் உனக்கு நாட்டம் எப்படி வந்தது என்று கேட்கிறது. உள்ளே நடந்ததற்கு யார் சாட்சி? இதே கேள்வி அந்த மண்ணில் முன்பும் எழுந்தது. 1630-களில் மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் சபைகளில் உறுப்பினராக ஒழுக்கமும் பைபிள் அறிவும் போதவில்லை. தனக்குள் அருள் எப்படி வேலை செய்தது என்று சபை முன் எழுந்து நின்று சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் நகரத்துப் போதகர் தாமஸ் ஷெப்பர்ட் இத்தகைய வாக்குமூலங்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். படித்தால் ஒன்றுபோல ஒன்று: அசட்டையான இளமை, உலுக்கிய ஒரு பிரசங்கம், அச்சம், சந்தேகம், மெல்லிய நம்பிக்கை. ‘நான் நிச்சயம் மீட்கப்பட்டவன்’ என்று ரொம்பத் தெம்பாகப் பேசுகிறவனைச் சந்தேகிக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 1636-இல் தொடங்கிய ஹார்வர்டும் அதே ஊர்தான். ஷெப்பர்டிலிருந்து நேராக எஸ்.ஓ.பி.க்குக் கோடு இழுப்பது அதிகப்படி. ஆனாலும் ‘எட்டு வயதில் அப்பாவின் டிரான்சிஸ்டரைப் பிரித்துப் போட்டேன்’ என்று தொடங்குவதை வருடா வருடம் படிக்கிறவர்களுக்கு அந்தக் குறிப்பேடு அந்நியமாக இராது.

தமிழ்நாட்டிலிருந்து போன ஓலைகளில் புகழ்பெற்றது ராமானுஜனுடையது. 1913 ஜனவரி 16 தேதியிட்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியது. மெட்ராஸ் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்துக்கு இருக்கும் குமாஸ்தா, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். தன் முடிவுகள் திகைப்பூட்டுகின்றன என்பதைக்கூட இங்குள்ள கணித வல்லுநர்கள் சொல்வதாகத்தான் சொல்கிறார். பாராட்டைப் பிறர் வாயில் வைக்கும் அந்தக் கூச்சம் கும்பகோணத்துக்காரருக்குத் தானாக வந்திருக்கும். நாட்டத்தைப் பற்றிய கதை எதுவும் இல்லை. பின்னால் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். அவற்றைச் சரிபார்க்க சாட்சி தேவையில்லை, கணக்குத் தெரிந்தால் போதும்.

அப்படிப்பட்டவருக்கும் கடிதம் தேவைப்பட்டது. பிப்ரவரி இறுதியில் ஹார்டிக்கு மறுபடி எழுதும்போது, அரைப் பட்டினியில் இருப்பதாகவும், அவர் ஒரு வரி ஆதரவாக எழுதினால் இங்கே உதவித்தொகை பெறச் சௌகரியமாக இருக்கும் என்றும் வெளிப்படையாகவே கேட்கிறார். அதே நாட்களில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரும் ராமானுஜனின் நோட்டைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பட்டம் இல்லாதவருக்கு மெட்ராஸ் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. ஹார்டி, வாக்கர் இருவரும் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தாங்களே பேனா எடுத்து எழுதியவர்கள்.

விடுதி அறையில் மணி இரண்டாகிறது. ‘கேள்விகள்’ என்ற வாக்கியத்தை மாணவன் அடித்துவிட்டான். மாணவனின் குறை என்ன என்று படிவம் கேட்கிறது. ‘தன்னைப் பற்றிப் பேசத் தயங்குவான்’ என்று தட்டச்சு செய்து, வாய்விட்டுச் சிரித்து, அப்படியே விட்டான். வகுப்பில் எந்த இடம் என்பதற்கு முதல் பத்து சதவீதம் என்று போட்டு அனுப்பினான்.

மறுநாள் மதியம் மெஸ் வரிசையில் நிற்கும்போது போன் வந்தது. “அப்லோட் பண்ணிட்டேன்பா. டாப் டென்னுன்னு போட்டிருந்தே. அதை மட்டும் டாப் ஃபைவ்னு மாத்திட்டேன்.”

“சார், பரவால்ல சார், பத்தே…”

“மூணு வருஷமா உன் பேப்பரைத் திருத்தறேன். எனக்குத் தெரியாதா?” என்று போனை வைத்துவிட்டார்.