பூட்டைத் திறப்பது களவாகுமா?

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், பஞ்சசீலம் ஓதி முடிந்தபின், இளைஞர் ஒருவர் எழுந்து ஓர் ஐயத்தைக் கேட்டார். தொங்கு பூட்டுகளை விலைக்கு வாங்கி, சாவியின்றி மெல்லிய கம்பியால் திறந்து பழகுதல் அவருக்குப் பொழுதுபோக்கு. இதையறிந்த அண்டை வீட்டார், “பௌத்தனுக்குத் திருடன் வித்தை எதற்கு?” என்று ஏளனம் செய்தனராம். “கொடாததைக் கொள்ளேன் என்று உறுதி பூண்ட நான் இதைச் செய்தல் தகுமா?” என்பதே அவர் வினா. அன்று சுருங்கச் சொன்ன விடையை இங்கு விரித்துரைக்க விழைகின்றேன்.

முதலில் அவ்வித்தையின் இயல்பை அறிவோம். இக்காலத் தொங்கு பூட்டுகள் பலவற்றின் உள்ளே, சாவி நுழையும் உருளையின் மேல் முளைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு துளையிலும் சாவி தொடும் முளையொன்றும், அதன்மேல் தடுப்பு முளையொன்றும், அதனை அழுத்தும் சுருள்வில்லும் உள்ளன. உரிய சாவி எல்லாத் தடுப்பு முளைகளையும் உருளையின் விளிம்புக்கு மேலே சரியாக உயர்த்தினால் உருளை சுழலும். சாவியில்லாதவர், வளைந்த தகட்டால் உருளையைச் சிறிது திருப்பி நிறுத்தி, முளைகளை ஒவ்வொன்றாகக் கம்பியால் உயர்த்துவர்.

இதனைத் தடுக்கவே பூட்டுச் செய்வோர் காப்பு முளைகளை அமைத்தனர். சில உடுக்கை போல் இடை சிறுத்தவை. சில காளான் வடிவின. சில விளிம்பெங்கும் பல் வெட்டியவை. உடுக்கை முளையின் இடை விளிம்பில் சிக்கும்போது உருளை சற்றே திரும்பி நின்றுவிடும். பூட்டுத் திறந்துவிட்டது போன்ற மயக்கம் உண்டாகும், ஆனால் திறவாது. அப்போது கையின் அழுத்தத்தைத் தளர்த்தி, உருளையைப் பின்னோக்கிச் சிறிது விடவேண்டும். மிகத் தளர்த்தினால் முன்னர் நிறுத்திய முளைகளும் விழும். இறுக்கினால் ஒன்றும் அசையாது. வீணையின் நரம்பு மிக முறுக்கியும் மிகத் தளர்ந்தும் இருத்தலாகாது என்று சோணருக்குப் பகவன் புத்தர் உணர்த்திய உவமை இங்கு நினைவுக்கு வருகின்றது.

இனி, இது களவாகுமா? இரண்டாம் சீலம் கெடுவதற்கு ஐந்து உறுப்புகள் வேண்டுமென்று நம் உரையாசிரியர்கள் வகுத்துள்ளனர். பொருள் பிறருடையதாதல், அது பிறருடையதென்று அறிதல், திருடும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் பொருளைக் கவர்தல். தன் காசு கொடுத்து வாங்கிய பூட்டைத் தன் மேசைமேல் வைத்துத் திறப்பவரிடம் இவற்றுள் ஒன்றேனும் உண்டோ? இல்லை. சேதனையாகிய எண்ணமே கர்மம் என்பது ததாகதரின் போதனை. கம்பியில் பாவமில்லை, அதனைப் பிடித்த கையிலும் இல்லை.

ஆயினும் இத்துடன் நின்றுவிடலாகாது. “என் எண்ணம் தூயது” என்று சொல்லிக்கொள்வது எளிது. “எடுக்கமாட்டேன், திறந்து மட்டும் பார்க்கிறேன்” என்று அயலார் கதவண்டை நிற்பவனும் அவ்வாறே சொல்வான். அவன் பொருளைக் கவராததால் களவின் ஐந்து உறுப்பும் நிரம்பா. எனினும் அவ்வீட்டார் நம்பியுறங்கிய அச்சமின்மையை அவன் கவர்ந்துவிட்டான். உடுக்கை முளையைப் போல மனமும் பாதி திரும்பி நின்று, முழுதும் திறந்ததாக நம்மை மயக்கும். அதனால் எண்ணத்திற்குச் சீலமென்னும் காவல் தேவை.

இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டோரும் இதனை உணர்ந்துள்ளனர். 1997-இல் ஜெர்மனியில் இதற்கென ஒரு கழகமே தோன்றியது. பின்னர்ப் பிற நாடுகளிலும் பரவிற்று. இவர்களிடையே இரண்டு விதிகள் வழங்குகின்றன. தனக்குரிய பூட்டையோ, உரியவர் இசைந்த பூட்டையோ அன்றிப் பிறிதைத் தொடலாகாது. காவலுக்கெனப் பயன்பட்டுவரும் பூட்டில் பழகலாகாது. பௌத்தரல்லாதார் வகுத்த இவ்விதிகளில் நம் இரண்டாம் சீலத்தின் பொருள் விளங்குவதைக் காண்க.

லண்டன் மாநகரில் பிராமா என்பார் செய்த பூட்டொன்று, திறப்பவர்க்கு 200 கினி பரிசென்ற அறைகூவலுடன் 1790 முதல் கடைச் சாளரத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1851-இல் உலகப் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்பிரட் ஹாப்ஸ், 16 நாட்களில் 51 மணி நேரம் உழைத்து அதனைத் திறந்தார். உரியவரே அழைத்தார்; அவர் திறந்தார்; பரிசும் பெற்றார். பூட்டின் குறையை வெளியிடுவது திருடர்க்கு உதவாதோ என்ற வாதம் அன்றே எழுந்தது. குறையைத் திருடர் முன்னரே அறிவர். அறியாதவர் பூட்டை நம்பி வாங்கும் இல்லறத்தாரே என்பது ஹாப்ஸ் சார்பின் விடை. மெய்யை மறைப்பதால் காவல் பெருகுவதில்லை.

ஹாப்ஸ் புகழ்பெற்ற அந்நகரிலிருந்து ஆண்ட அரசே, 1871-இல் இந்நாட்டில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றி, பூட்டெதனையும் தொட்டறியாத குழந்தைகளைக்கூடப் பிறப்பினாலேயே குற்றவாளிகள் எனக் குறித்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. 1952-இல்தான் நாடெங்கும் நீங்கியது. செல்வர் கையிலிருந்தால் கலை, எளியவர் கையிலிருந்தால் களவு என்னும் கண்ணோட்டம் அச்சட்டத்தோடு ஒழிந்ததா? அந்த இளைஞரை ஏளனம் செய்தோர் அவர் செயலைப் பார்த்தனரா, பிறந்த தெருவைப் பார்த்தனரா? இழிவும் உயர்வும் பிறப்பால் அல்ல, செயலால் என்ற அறத்தைச் சரணடைந்த நாம், இவ்வினாவை எழுப்பாதிருத்தல் இயலாது. பிறரை நோக்கும்போது நம்மிடமும் இதனைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

ஆதலின் அவ்விளைஞருக்கு நான் கூறியது இதுவே: “தம்பி, தாராளமாகப் பழகுங்கள். உம் பூட்டையே திறவுங்கள். கருவிகளை வீட்டிலேயே வையுங்கள். தக்க காரணமின்றி இரவில் அவற்றைக் கொண்டு திரிவதைக் குற்றமாக்கும் சட்டங்கள் நம் நாட்டிலும் உள்ளன. ஒவ்வொரு நாளும் கம்பியை எடுக்குமுன், இது யாருடையது, நான் எதனை நாடுகின்றேன் என்று இருமுறை உம்மையே கேளுங்கள். விடை தெளிவாயின் அண்டை வீட்டார் சொல்லுக்கு அஞ்சவேண்டியதில்லை. தெளிவின்றேல், யாரும் பாராவிடினும் கம்பியைக் கீழே வைத்துவிடுங்கள்.”