கண்ணுக்கு மட்டும் திறக்கும் கதவு

எங்க அப்பத்தாவுக்கு எண்பது வயசு. முழங்கால் மடங்காது. போன சித்திரையில் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு மெய்நிகர் கண்ணாடியை அவள் முகத்தில் மாட்டிவிட்டான். தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் அழகர்கோவில். கழற்றியதும் கேட்டாள்: "எல்லாம் தெரியுதுய்யா. நான் எங்க நின்னேன்?"

இதைத்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட இரண்டு படம். தலை அசைந்தால் படமும் நகரும். அவ்வளவுதான் நுட்பம். வகுப்பறைக்கும் தொழிற்பயிற்சிக்கும் கோயிலுக்கும் இது வந்தாகிவிட்டது. நாளை வீட்டுக்கு வீடு வரும். அங்கே கண் போகும், உடல் போகாது.

உடல் இல்லாமல் பார்ப்பது நமக்குப் புதுசா? கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்றார்கள். வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு அது ஆறுதல், அதுவே வேலி. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யரோடு கக்கனும் மற்றவர்களும் மீனாட்சி கோயிலுக்குள் வைத்தது காலை. சண்டை காலுக்காக நடந்தது, கண்ணுக்காக அல்ல.

2021இல் கொரோனாவால் அழகர் மதுரைக்கு வரவில்லை. கோயில் வளாகத்திலேயே செயற்கை வைகை அமைத்து இறக்கினார்கள். ஜனம் திரையில் பார்த்தது. நோய்க்காலம், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இழந்தது என்ன? மண்டகப்படி மரியாதையில் சாதி உண்டு. ஆத்துக்குள்ள நெரிசலில் யார் தோள் யார் மேல் படுகிறது என்று எவன் கேட்பான்? திரையில் தோளே இல்லை.

தீண்டாமை பார்வையின் நோய் மட்டுமல்ல, தொடுதலின் நோய். அழகர்மலைக்குக் கிழக்கே மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். நாற்காலியில் நம் உடல் உட்காரக்கூடாது என்பதுதான் காரணம்.

"இதே கண்ணாடியால் ஆதிக்கச் சாதிக்காரனை நம் தெருவில் நிறுத்தலாமே" என்கிறார் தோழர் ஒருவர். சிரிய அகதிச் சிறுமி ஒருத்தியின் முகாம் வாழ்க்கையை 2015இல் ஐ.நா. அப்படித்தான் படமாக்கிக் காட்டியது. பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் அவன் பத்து நிமிஷத்தில் கழற்றி வைத்துவிடுவான். நமக்குக் கழற்ற வழியில்லை.

முடியாதவர்களுக்கு இந்தக் கண்ணாடி பெரிய உதவி. அதை யாரும் பிடுங்க வேண்டாம். "உனக்கு இது போதும்" என்று ஒருவன் நீட்டும்போதுதான் கேட்க வேண்டும்: அப்போ உள்ளே நடந்து போறது யாரு?

அப்பத்தாவை ஆட்டோவில் பதினெட்டாம்படிக் கருப்பனிடம் கூட்டிப்போனோம். அங்கே பார்க்கச் சிலை இல்லை. மூடிய கதவு, சந்தனம், படி. பொய் சொன்னவன் அந்தப் படியில் நிற்கப் பயப்படுவான். அங்கே போய் நிற்பதுதான் சத்தியம். படியில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள்.

"இப்ப வந்துட்டேன்" என்றாள்.