நெருங்கிக் குடியிருப்பதும் பிறர்சிநேகமே



"பணம் என்னுடையது, மனை என்னுடையது; நான் எங்கே வீடு கட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர் பலர். கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. திருடிய பணமல்ல, பத்திரம் பதிந்து வாங்கிய நிலம். ஆயினும் தஞ்சை நாட்டில் இதற்கு அவ்வளவு சுலபமாய் விடை சொல்லிவிட முடியாது. ஏனெனில் இங்கே நிலம் என்பது வெறும் இடமல்ல, பிறருடைய சோறு.

நம் ஊர்களைப் பாருங்கள். கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே அமைந்தது. எத்திசையில் விரிந்தாலும் அது நன்செய்மேல்தான் கால் வைக்க வேண்டும். தஞ்சை நகரம் சற்றுப் பாக்கியம் பெற்றது. வடக்கே வெண்ணாறு பாயும் வண்டல் வயல். தென்மேற்கே வல்லம் பக்கம் செம்மண் மேடு. அப்படியிருந்தும் வயலில் மண்ணடித்து, கல் நட்டு, மனை விற்பது நிற்கவில்லை.

கணக்குப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நம் வழக்கில் மூன்று மா. பாதைக்கும் பொது இடத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு போக, 1,200 சதுர அடி வீதம் 24 மனைகள் கிடைக்கும். 24 குடும்பங்கள் தனித்தனியே வீடு கட்டினால் மூன்று மாவும் போயிற்று. அதே குடும்பங்கள் மூன்று அடுக்காய்க் குடியிருந்தால் ஒரு மா போதும். மிஞ்சிய இரண்டு மாவில், சுமாரான விளைச்சலிலும் போகத்துக்கு இருபது மூட்டை நெல் காணலாம். அது ஒரு வருஷத்து லாபமல்ல. பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் உள்ள லாபம்.

நஷ்டம் அதோடு நிற்பதுமில்லை. மனைக்காக வாய்க்காலும் வடிகாலும் தூர்ந்துபோனால், கடைமடைக் குடியானவனுக்குக் கோடையில் தண்ணீர் வராது, மழையில் தண்ணீர் வடியாது. மனை வாங்கியவருக்கு அவன் முகமே தெரியாது. பத்திரத்தில் அவன் கையெழுத்தும் இல்லை.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பீர்களோ? 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. அது எண்ணெய், எரிவாயுக் கிணறுகளையும் தோல் பதனிடும் ஆலை போன்றவற்றையும் விலக்குகிறது. வீட்டு மனையைத் தடுப்பதில்லை. 2016-ல் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவை நிறுத்திவைத்தது. மறுவருஷமே, முன்பு விற்றவற்றைக் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்த விதி வந்தது. ஊருக்குள்ளே உயர்த்திக் கட்டவும் வழியுண்டு. 2019-ன் கட்டட விதிகள், சாதாரணக் கட்டடங்களுக்கு மனையின் பரப்பைப்போல் ஒன்றரை மடங்கு என்றிருந்த தளப்பரப்பை இரண்டு மடங்காக்கின. ஆக, இருவழியும் திறந்திருக்கிறது. எந்த வழி போவதென்று சொல்ல வேண்டியது மனச்சாட்சியே.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். மேட்டில் ஊர்நத்தம், வீட்டோடு வீடு சுவரொட்டி, பள்ளமெல்லாம் வயல். பெரிய கோயிலில் உள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்து, மீதி நிலத்துக்கே வரி குறிக்கின்றன. ஆனால் அதே கல்வெட்டுகள் பறைச்சேரியை வேறாகக் குறிப்பதையும் மறைக்கலாகாது. சொந்த சாதிக்குள் நெருக்கம், மற்றவரோடு தூரம்; இதுவும் நம் முன்னோர் விட்ட ஆஸ்திதான்.

அடுக்குவீட்டுக்கு நாம் தயங்குவதன் காரணம் என்ன? சில காரணங்கள் உண்மையானவை. கிழவர் படியேற முடியாது, வடகம் காயவைக்க இடமில்லை, சாவு விழுந்தால் உடலைக் கிடத்தக் கூடம் இல்லை, சாக்கடை சரியில்லை. இவற்றுக்கெல்லாம் பரிகாரம் உண்டு. கீழ்த்தளம் முதியோருக்கு, மொட்டைமாடி எல்லோருக்கும், பொதுக்கூடம் ஒன்று, முதலில் சாக்கடை, பிறகு வீடு. ஆனால் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றுண்டு: "பக்கத்து வாசலில் எந்தச் சாதிக்காரன் வருவானோ?" இதற்குக் கொத்தனார் பரிகாரம் செய்ய முடியாது. நாம்தான் செய்ய வேண்டும்.

சிங்கப்பூரில் 1960-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஏற்பட்டது. இன்று அந்நாட்டவரில் பெரும்பாலோர் அது கட்டிய அடுக்குவீடுகளில் வாழ்கிறார்கள். 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் பல இனத்தாரும் கலந்திருக்க விதியுமுண்டு. நம் பிள்ளைகள் அங்கே பத்தாவது மாடியில் சீனரோடும் மலாய்க்காரரோடும் சுகமாய் இருந்துகொண்டு, இங்கே தனி மனை வாங்கப் பணம் அனுப்புகிறார்கள்! அதிலும் பல மனைகள், விலை ஏறட்டுமென்று போட்டுவைத்தவை. அங்கே நெல்லும் இல்லை, மனிதரும் இல்லை, கருவேலமுள்தான் விளைகிறது.

ஊருக்குள் விலை கட்டாமல் வெளியே ஒதுங்கும் ஏழையைக் குற்றம் சொல்வதற்கில்லை. வசதியுள்ளவர்களைத்தான் கேட்கிறோம். அடுத்த முறை மனை பார்க்கப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது வயலா, மேடா? இதன் வாய்க்கால் எங்கே போகிறது? ஊருக்குள் இருக்கும் பழைய வீட்டையே இரண்டு தளம் உயர்த்தினால் ஆகாதா? கேட்டுப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

அயலானை நேசிப்பதென்றால் முதலில் அவனுக்கு அயலிலே இருக்கச் சம்மதிக்க வேண்டுமன்றோ?