சூடு யார் தோலில்?

2024 செப்டம்பர் 14. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஒரு லட்சம் பேர் அமரக்கூடிய நேலண்ட் அரங்கம். ஒஹாயோவிலிருந்து வந்திருந்த கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி இடைவேளைக்குத் திரும்பியபோது பலகையில் 65-0 என்று இருந்தது. ஆட்டம் முடிந்தபோது 71-0. அடுத்த சனிக்கிழமை அதே மாணவர்கள் பென்சில்வேனியாவுக்குப் போனார்கள்; பென் ஸ்டேட் அணியிடம் 56-0. அந்தப் பருவத்தில் ஆடிய 12 ஆட்டங்களிலும் தோல்வி.

விளையாட்டில் தோற்பது குற்றமில்லை. ஆனால் இந்த வகை ஆட்டங்களுக்குப் பின்னால் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகம் சிறியதைத் தன் ஊருக்கு அழைத்து, வந்து ஆடுவதற்கென்றே ஒரு தொகை தருகிறது. பதிலுக்குச் சிறியவர் ஊருக்குப் பெரியவர் போவது அநேகமாக இல்லை. இன்றைய சந்தையில் அந்தத் தொகை பல நேரம் பத்து லட்சம் டாலரைத் தாண்டுகிறது. ஆட்டத்தில் சூது கிடையாது. மைதானத்தில் இறங்கியவர் யாரும் வேண்டுமென்று தோற்பதில்லை. ஆனாலும் இரு தரப்புக்கும் முடிவு ஏறக்குறைய தெரியும். அழைத்தவருக்கு ஒரு சுலபமான வெற்றி, நிறைந்த அரங்கின் வசூல். வந்தவருக்குப் பணம். அமெரிக்கப் பேச்சுவழக்கில் இதற்கு ஒரு கொடூரமான பெயர் உண்டு: ‘பாடி பேக்’ ஆட்டம், அதாவது பிணப்பை ஆட்டம்.

ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவர்களின் தோல்வியை விற்று, அந்தப் பணத்தில் மேல்தட்டில் இடம் பிடித்திருக்கலாமா என்பதே கேள்வி.

ஆட்டத்தின் தன்மையை முதலில் சொல்ல வேண்டும். அமெரிக்கர்கள் கால்பந்து என்று அழைப்பதில் காலால் உதைப்பது அபூர்வம். நீள்முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுபவரை உடம்பால் மோதி வீழ்த்துவதே ஆட்டம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு தன் முதல் பிரிவுக் கால்பந்தை 1978இல் இரண்டாகப் பிரித்தது. மேல்தட்டில் இன்று 130க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் உள்ளன. அந்தத் தட்டுக்குள்ளேயே மாடமாளிகையும் உண்டு, ஒட்டுத்திண்ணையும் உண்டு. பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ‘பிக் டென்’ கூட்டமைப்பு 2022இல் தொலைக்காட்சி நிறுவனங்களோடு ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேல் ஒப்பந்தம் செய்தது. கென்ட் ஸ்டேட் இருக்கும் ‘மிட் அமெரிக்கன்’ கூட்டமைப்பில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்குத் தொலைக்காட்சி வழியே வருவது பத்து லட்சம் டாலருக்கும் குறைவு. அதற்கும் ஒரு விலை உண்டு: நவம்பர் குளிரில், மறுநாள் வகுப்பிருக்கும் செவ்வாய், புதன் இரவுகளில் ஆட வேண்டும். சனிக்கிழமையின் நல்ல நேரமெல்லாம் பெரியவர்களுக்கு.

பள்ளத்தை நிரப்பியாக வேண்டும். மேல்தட்டில் இருப்பதென்றால் நெடுங்காலமாக 85 பேருக்கு முழு உதவித்தொகை, அதற்கேற்ற பயிற்சியாளர் கூட்டம், பயணம், மருத்துவம். ஆகவே இரண்டு ஊற்றுகளைத் தோண்டுகிறார்கள். ஒன்று, மேலே சொன்ன விலைபேசிய ஆட்டங்கள். மற்றொன்று, மைதானத்துப் பக்கமே போகாத மாணவரும் செலுத்தும் கட்டணமும் பல்கலைக்கழகப் பொதுநிதியும். இந்தக் கூட்டமைப்பின் பல பல்கலைக்கழகங்களில் விளையாட்டுத் துறை வரவில் பாதிக்கும் மேல் இப்படி வருவதே. வேலை பார்த்துக்கொண்டே செவிலியர் பட்டம் படிக்கும் பெண், தான் ஒருநாளும் பார்க்காத ஆட்டத்துக்குக் கல்விக்கடன் வாங்கிக் காசு கொடுக்கிறாள்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் முழுதாகக் கேட்க வேண்டும். கென்ட் என்றால் உலகம் நினைப்பது 1970 மே 4ஆம் தேதியை. தேசியக் காவல் படை சுட்டு நான்கு மாணவர்கள் இறந்த நாள் அது. அந்தப் பெயரை வேறொரு மகிழ்ச்சிக்காகவும் மக்கள் உச்சரிக்கட்டும் என்று ஒரு நிறுவனம் ஆசைப்படுவது இழிவாகாது. 85 உதவித்தொகை என்பது 85 குடும்பங்களின் செய்தி. அவற்றில் பலவற்றில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் அந்தப் பையன்தான். பெரிய அரங்கில் பெரிய அணியோடு மோதிப் பார்க்க ஆடுபவருக்கே ஆசை இருக்கும். அந்த ஆசை சில நேரம் பலிக்கவும் செய்கிறது. கென்ட் ஸ்டேட் 71-0 என்று தோற்பதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, அப்போது அதே கூட்டமைப்பில் இருந்த நார்தர்ன் இல்லினாய் அணி, புகழ்பெற்ற நோட்டர் டேமை அதன் சொந்த மண்ணிலேயே 16-14 என்று வீழ்த்தியது. அதற்காக நோட்டர் டேம் கொடுத்த கூலி 14 லட்சம் டாலர்.

ஆனால் லாட்டரிக் கடைக்காரர் பரிசு விழுந்தவரின் படத்தைத்தான் மாட்டுவார். விழாதவர்களின் படத்துக்குச் சுவர் போதாது. 2012இல் ஜார்ஜியாவின் சவானா ஸ்டேட், கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட அரசுக் கல்லூரி, அடுத்தடுத்த வாரங்களில் ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 84-0 என்றும் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 55-0 என்றும் தோற்றது. இரண்டுக்குமாகக் கிடைத்தது 8 லட்சத்து 60 ஆயிரம் டாலர். 2019இல் அது முதல் பிரிவையே விட்டு இறங்கியது.

‘விரும்பித்தானே சேர்ந்தார்கள்’ என்ற வாதம் இங்கே தடுமாறுகிறது. பதினெட்டு வயதுப் பையன் ஆடச் சம்மதித்தான், உண்மை. ஆனால் இத்தகைய ஒப்பந்தங்கள் பல ஆண்டுகள் முன்கூட்டியே கையெழுத்தாகின்றன. அவன் இன்னும் பள்ளியில் இருக்கும்போதே அவனுடைய சனிக்கிழமை விலைபோயிருக்கும். உடம்பைப் பற்றிய கணக்கும் இருக்கிறது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி அளவில் ஆடியவர்களின் 53 மூளைகளில் 48இல் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிதைவு நோய் காணப்பட்டது. அவை பெரும்பாலும் நோய்க்குறி கண்ட குடும்பங்கள் தானமாகத் தந்தவை. ஆகவே எல்லா ஆட்டக்காரருக்கும் அந்த விகிதம் பொருந்தாது. ஆனாலும் ஒவ்வொரு மோதலுக்கும் உடம்பு ஒரு விலை கொடுக்கிறது என்பதை இனி யாரும் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தெரிந்த பிறகு, அந்த மோதல் எதற்காக என்ற கேள்விக்கு ‘வரவுசெலவுத் திட்டத்தில் துண்டு விழுகிறது’ என்பது மிகச் சிறிய விடை.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்பார்கள். அந்தப் பூனை முட்டாளாக இருக்கலாம். ஆனால் நேர்மையான பூனை. சூடு விழுந்தது அதன் சொந்தத் தோலில். இங்கே சூட்டுக்கோலைக் காய்ச்சுபவர் நிர்வாக அலுவலகத்தில் இருக்கிறார், தோல் வேறொருவருடையது.

வேறு நாட்டு விளையாட்டு முறைகளோடு ஒப்பிட்டால் பொறுப்பு யாருடையது என்பது இன்னும் தெளியும். இங்கிலாந்துக் கால்பந்தில் கடைசியில் நிற்கும் அணிகளை விதியே கீழ்ப்பிரிவுக்கு இறக்கிவிடும். அவமானம்தான், ஆனால் அதில் ஒரு கருணையும் இருக்கிறது, அடுத்த ஆண்டு தன் பலத்துக்கேற்ற எதிரி கிடைப்பான். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அப்படி இறக்கிவிட யாருமில்லை. வென்றால் ஏற்றிவிடவும் ஆளில்லை; பணக்காரக் கூட்டமைப்பு அழைத்தால்தான் உண்டு. நன்றாக ஆடும் மாணவர் இன்று தடையின்றி வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். ஆக, ஏணி ஆட்டக்காரருக்கு இருக்கிறது, அணிக்கு இல்லை. 2025இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி ஒரு பல்கலைக்கழகம் முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம் என்றான பின், அந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகிறது. யாரும் இறக்காதபோது, மேலே இருப்பது ஒவ்வோர் ஆண்டும் ஒருவர் எடுக்கும் முடிவாகிறது. முடிவெடுத்தவர் அதற்குப் பதில் சொல்லவும் வேண்டும்.

அப்படியானால் மூடிவிடுவதா? சிகாகோ பல்கலைக்கழகம் மூடியது. பிக் டென்னின் தொடக்க உறுப்பினர் அது; இன்று ஹைஸ்மன் கோப்பை என்று அறியப்படும் விருதை 1935இல் முதன்முதலாகப் பெற்ற ஜே பெர்வாங்கர் அங்கே ஆடியவர். 1939இல் அதே அணி மிச்சிகனிடம் 85-0 என்று தோற்றது. அந்த டிசம்பரில் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் கால்பந்தையே நிறுத்தினார். மூன்று ஆண்டுகளில் அந்த மைதானத்தின் காலரிக்கு அடியில் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் கட்டுப்படுத்திய அணுக்கருத் தொடர்வினையை நடத்திக்காட்டியது. 1937 முதல் அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர் தமிழரான வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். கால்பந்து போனதால் சிகாகோவின் பெயர் போகவில்லை. ஆனால் ஃபெர்மியும் சந்திரசேகரும் இருக்கும் வீட்டுக்குப் பொருந்துவது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது.

மூடுவதிலும் அநீதி நேரலாம். அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகம் 2014 டிசம்பரில் தன் கால்பந்து அணியைக் கலைப்பதாக அறிவித்தது. பத்தாண்டில் முதன்முறையாக ஆறு வெற்றி, ஆறு தோல்வி என்று நிமிர்ந்து நின்ற பருவம் அது. மாணவர்களும் ஊராரும் கொதித்தெழுந்தார்கள். நன்கொடையாளர்கள் பணத்தோடு முன்வந்தார்கள். ஆறே மாதத்தில் முடிவு திரும்பியது. 2017இல் மீண்டும் களமிறங்கிய அணி, 2018இல் தன் கூட்டமைப்பின் பட்டத்தை வென்றது. அங்கே சூட்டை ஊர் தன் தோலில் ஏற்றுக்கொண்டது. அதனால் அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கௌரவம் உண்டு.

ஐடஹோ பல்கலைக்கழகம் மூன்றாவது வழியைக் காட்டியது. அதன் கூட்டமைப்பு இனி இடமில்லை என்று கைவிரித்தபின், 2016இல் தலைவர் சக் ஸ்டேபன் அணியைக் கீழ்த்தட்டுக்கு இறக்குவதாக அறிவித்தார். 1978க்குப் பிறகு அப்படித் தானாக இறங்கிய முதல் பல்கலைக்கழகம் அது. பழைய மாணவர்கள் சினந்தார்கள். இழப்பு கற்பனையில்லை: கீழ்த்தட்டில் அன்று உதவித்தொகை 85க்குப் பதில் 63தான், இருபத்திரண்டு முழு உதவித்தொகை போயிற்று. 2018இல் இறங்கிய அணி, 2022 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தேசியச் சாம்பியன் பட்டத்துக்கான சுற்றுக்குத் தகுதி பெற்றது. பணம் வாங்கிக்கொண்டு பெரியவர்களின் ஊருக்குப் போவதை அது விடவும் இல்லை. 2023இல் நெவாடாவை 33-6 என்று வென்றது. 2024இல் வலிமைமிக்க ஓரிகனிடம் 24-14 என்றுதான் தோற்றது. ஆகவே கூலிக்கு ஆடுவதே பாவம் என்று சொல்லிவிட முடியாது. எதிரே நிற்பவன் யார், தன்னிடம் இருப்பது என்ன என்று அளந்து போனால் அது ஆட்டம். அளந்து பார்த்தும், தாங்காது என்று தெரிந்தும் அனுப்பினால் அது விற்பனை. செயலின் பலம், தன் பலம், மாற்றான் பலம், துணைவர் பலம் என்று வரிசைப்படுத்த வள்ளுவர் ‘வலியறிதல்’ என்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். போருக்குப் போகும் அரசனுக்குச் சொன்னது. போருக்குப் பிள்ளைகளை அனுப்பும் நிர்வாகிக்கு இன்னும் பொருந்தும்.

தோற்றுக்கொண்டே மேல்தட்டில் இருக்கலாம். அதற்கு இரண்டே நிபந்தனைகள். செலவைச் சுமப்பவரிடம் கணக்கைக் காட்டிக் கேட்டிருக்க வேண்டும்: கட்டணம் கட்டும் மாணவியிடம், எத்தனை டாலர், எதற்கு என்று, நன்கொடை தருபவரிடம், மேலே இருக்கும் பெருமை உங்களுடையது, விலையும் உங்களுடையதாகட்டும் என்று. இரண்டாவது, ஒரு பையனைச் சேர்க்க வீடு தேடிப் போகும் பயிற்சியாளர், உதவித்தொகைக் கடிதத்தோடு அடுத்த நான்கு ஆண்டு ஆட்ட அட்டவணையையும் அந்தத் தாயின் முன் வைக்க வேண்டும். எந்தெந்தச் சனிக்கிழமை என்ன தொகைக்குப் பேசி முடிந்திருக்கிறது என்பதையும் சேர்த்து. அந்தத் தாளைக் கூசாமல் நீட்ட முடிகிற பல்கலைக்கழகம் மேலே இருக்கட்டும். கை கூசினால், இறங்குவதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்பு வேறு வராது.