கசியும் இடம்

இரவில் காருக்கு அடியில் ஓர் அட்டை விரிக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியைப் பிரித்தால் ரேடியேட்டர் முதல் கியர்பாக்ஸ் வரை போதும். முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அட்டையில் பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது. வண்டியை நகர்த்திய பிறகு எந்தச் சொட்டு எதற்கு நேர் கீழே விழுந்தது என்று சொல்ல அந்தக் கோடு மட்டும்தான் சாட்சி.

விரலில் தொட்டு, தேய்த்து, முகர்ந்து பார்க்கிறேன். கறுப்போ பழுப்போ என்றால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, கந்தக நெடியோடு பின்பக்கம் விழுந்திருந்தால் டிஃபரன்ஷியலில் ஊற்றுகிற கியர் ஆயில். ஏறக்குறைய நிறமில்லாமல், இளகலாக, சக்கரத்தின் பக்கம் இருந்தால் பிரேக் ஆயில். அன்றைக்கு வண்டியை எடுக்கக் கூடாது.

*

என்னிடம் இருப்பது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் வைத்த அம்பாசிடர். உத்தர்பாராவில் 2014-ல் உற்பத்தி நின்றுபோன கார். எஞ்சின் அதைவிட மூத்தது, 1950-களின் பிரிட்டிஷ் வடிவமைப்பு. அந்தக் காலத்து எஞ்சின்களில் உலோகத்தோடு உலோகம் சேரும் இடங்களில் தக்கையும் தடித்தாளும்தான் நடுவில் நின்றன. தக்கை சுருங்கும். தாள் காய்ந்து நொறுங்கும். ரப்பர் சீல் சூட்டில் இறுகி, அதன் உதடு தேயும். யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. வயது.

*

எண்ணெய் கிளம்பும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மேலே டேப்பட் கவரின் பின்மூலையில் கசிவது எஞ்சின் பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி, பெல் ஹவுசிங்கில் படர்ந்து, அடியில் சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவர் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்கம் போய்விட்டது என்று முடிவுகட்டி, கியர்பாக்ஸை இறக்கச் சொல்வார். தேவைப்பட்டது மேலே ஒரு புது பேக்கிங்தான். டைமிங் கவர் சீலில் கிளம்புவதும் அப்படியே. புல்லி அதைச் சுழற்றி வீசும். ஃபேன் காற்றும் ஓட்டத்தின் காற்றும் பின்னுக்குத் தள்ளி எஞ்சினின் அடிவயிறு முழுக்கப் பூசிவிடும்.

ஆகவே எங்கே அதிகம் நனைந்திருக்கிறது என்று பார்த்துப் பயனில்லை. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ஈரம் எது, எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கும் ஈரம் எது என்று பார்க்க வேண்டும்.

*

அதற்கு முதலில் கழுவியாக வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டருக்கும் கார்ப்பரேட்டருக்கும் பாலிதீன் உறை கட்டி, டீசலில் தோய்த்த பிரஷ்ஷால் தேய்க்கிறேன். ஆண்டுக்கணக்கில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து இறுகிய பற்று ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால்தான் பெயர்ந்து வருகிறது. அந்தப் பற்றே எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும். கசிவை அடைத்த பிறகும் அது பல நாள் சொட்டிக்கொண்டிருக்கும். செய்த வேலை வீண் என்று நம்பவைக்கும்.

பிறகு சோப்புத் தண்ணீர், பனியன் வேஸ்ட், வெயில். இரும்பின் உண்மையான நிறம் தெரியும்போது பாதி வேலை முடிந்திருக்கிறது. எனக்கு இந்தக் கழுவும் வேலை பிடிக்கும். எதையும் திருகாமல், எதையும் முடிவுசெய்யாமல் எஞ்சினோடு இருக்கக் கிடைக்கிற நேரம் இது ஒன்றுதான்.

*

காய்ந்த இரும்பின் மேல் முகப்பவுடர் தூவி, வண்டியை ஸ்டார்ட் செய்து விட்டுவிட வேண்டும். கொஞ்ச நேரம் கல்யாண மண்டபத்து வாசல் போல மணக்கும். பிறகு வெள்ளையில் ஓர் இடம் மங்கும். அங்கிருந்து ஒரு கோடு இறங்கும். புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தை ஆயிலில் கலந்து தேடும் முறையும் உண்டு. அது துல்லியமானது. பவுடர் மலிவானது.

எல்லாக் கசிவும் ஒரே நேரத்தில் முகம் காட்டுவதில்லை. ஆயில் பிரஷர் சுவிட்சின் பிளாஸ்டிக் தலை விட்டுப்போயிருந்தால் எஞ்சின் ஓடும்போது மட்டும் ஊறும், நிறுத்தினால் நின்றுவிடும். சம்ப்பின் டிரெயின் பிளக் ஓடினாலும் நின்றாலும் சொட்டும். அதன் செம்பு வாஷர் அழுந்தி அழுந்திக் கெட்டிப்பட்டிருக்கும். நெருப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி இளகிவிடும், புதிது வாங்க வேண்டியதில்லை. சில கசிவுகள் எஞ்சின் நன்றாகச் சூடேறி ஆயில் இளகினால்தான் வரும். ஆகையால் ஒரு முறை பார்த்தது போதாது.

*

தக்கை ஒரு மரத்தின் பட்டை. தக்கை ஓக் மரம் போர்ச்சுகலில் அதிகம்; அங்கே ஒருமுறை பட்டை உரித்தால் அடுத்து உரிக்க 9 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பட்டையைப் பொடித்து அழுத்திச் செய்த பேக்கிங் டேப்பட் கவருக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. கடையில் நெடுநாள் தொங்கிய தக்கைப் பேக்கிங் காய்ந்து சுருங்கி, ஓட்டைகள் போல்ட்டுக்குச் சேராமல் நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவைத்தால் தன் அளவுக்கு வந்துவிடும்.

கசிவைக் கண்டதும் கை ஸ்பேனரைத் தேடுகிறது. தக்கையிடம் அது செல்லாது. டேப்பட் கவரைப் பிடித்திருப்பவை இரண்டே நட்டுகள். பக்கவாட்டில் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் இரண்டு சைடு பிளேட்டுகளுக்கும் நடுவில் ஆளுக்கொரு போல்ட். இறுக்கினால் தக்கை பிதுங்கிக் கிழியும், மெல்லிய தகடு நடுவில் குழிந்து ஓரங்களில் தூக்கிக்கொள்ளும். முன்பு வியர்த்த இடம் இப்போது ஒழுகும். ஒழுகுவதைப் பார்த்து இன்னும் ஒரு சுற்று. பழைய வண்டிகளில் கழற்றிய மூடிகளைக் கண்ணாடிப் பலகை மேல் வைத்துப் பார்த்தால், எத்தனை பேருடைய பதற்றம் அதில் பதிந்திருக்கிறது என்று தெரியும். மரக்கட்டை மேல் கவிழ்த்து மெல்லத் தட்டிச் சமன் செய்த பிறகே புது பேக்கிங் போட வேண்டும்.

பேஸ்ட்டை அப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வெளியே பிதுங்கியதைத் துடைக்கலாம். உள்ளே பிதுங்கியது ஒருநாள் உதிர்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் அடையும்.

*

எல்லா பேக்கிங்கும் மாற்றிய பிறகும் கசிகிறது என்றால் அழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் கீழே இறங்குவது எந்த எஞ்சினிலும் இயல்பு. அது வெளியேறத்தான் பிரீதர் குழாய். முன்பக்க சைடு பிளேட்டிலிருந்து போகிற அந்தக் குழாய் கசடால் அடைத்துக்கொண்டால், உள்ளே சேரும் காற்று கிடைத்த இடுக்கிலெல்லாம் எண்ணெயைத் தள்ளும். ஓர் இடத்தை அடைத்தால் அடுத்த இடம் திறக்கும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்ளங்கையை மேலே பிடித்தால் தெரிந்துவிடும். காற்று கையை முட்டித் தள்ளினால் முதலில் குழாயைக் கழற்றி டீசலில் ஊறப்போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். அதன் பிறகும் முட்டினால் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. இது பேக்கிங் கடையில் தீராது.

*

வயதான மெக்கானிக் ஒருவர் சம்ப்பின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இது லீக் இல்ல, வேர்வை. தொடச்சிட்டு ஓட்டு.” எக்ஸாஸ்ட் மேல் விழுந்தால், கிளட்சில் இறங்கினால், டிப்ஸ்டிக்கில் கோடு குறைந்துகொண்டே போனால் விடக் கூடாது. மற்றதைத் துடைக்கலாம். அவர் போட்ட கணக்கு இவ்வளவுதான். இதைவிடத் தெளிவான கணக்கை நான் பார்த்ததில்லை.

*

கடைசியாக மீந்திருப்பது கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனை. இந்த எஞ்சினில் அங்கே ரப்பர் சீல் கிடையாது. தண்டின் மேலேயே திருகு மரை போல ஒரு வரிப்பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். தண்டு சுழலும்போது, வெளியே வரப் பார்க்கும் எண்ணெயை அந்தப் பள்ளம் சம்ப்புக்குத் திருப்பி அனுப்பும். எதுவும் எதையும் உரசுவதில்லை. அதனால் தேயும் உதடும் இல்லை. ஓடும்வரை அது ஒரு தடுப்பு. நின்றதும் வெறும் இடைவெளி. அப்போது பள்ளத்தில் தங்கியிருக்கும் கொஞ்சம் எண்ணெய் பெல் ஹவுசிங்குக்குள் இறங்கும். இந்தக் குடும்பத்து எஞ்சின் வைத்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் அதற்காகவே பெல் ஹவுசிங்கின் அடியில் ஓர் ஓட்டை போட்டு, அழுக்கு அடைக்காதிருக்க அதில் ஆடிக்கொண்டிருக்கும்படி ஒரு ஸ்ப்ளிட் பின்னையும் தொங்கவிட்டிருப்பார்கள். சொட்டும் என்று வரைபட மேசையிலேயே தெரிந்திருக்கிறது.

பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்றால் சொட்டு ஒழுக்காகும், கிளட்ச் வழுக்கும். என் வண்டியில் கிளட்ச் இன்னும் வழுக்கவில்லை. வாசல் தளம் வீட்டை நோக்கி ஏறுவதால் ரிவர்ஸில் உள்ளே விட்டு, மூக்கு தாழ்ந்திருக்கும்படி நிறுத்துகிறேன். அட்டையின் இடத்தில் மரத்தூள் நிரப்பிய தகரத் தட்டு இருக்கிறது. இந்த எஞ்சின்களுக்குப் பின்னாளில் வந்த ரப்பர் சீல் கிட்டைப் பொருத்த கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றையும் இறக்க வேண்டும். கிளட்ச் பிளேட் மாற்றும்போது அவை எப்படியும் இறங்கும். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.