விரிப்புக்கு அடியில் இருப்பது என்ன?

1961 முதல் நம்ம சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காருக்குத் தனிச் சேசிஸ் உண்டு. அம்பாசடருக்கு அது கிடையாது. தரைத்தகடும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகிறது. மயிலாப்பூர், அடையாறு உப்புக்காற்றில் நிற்கிற பழைய வண்டியில், விரிப்புக்கு அடியில் தேங்கிய ஈரம் அந்தத் தகட்டையே அரிக்கும்.

துருவின்மேல் தகடு ஒட்டி, தார் பூசி, விரிப்பால் மூடி விற்கிறவர் உண்டு. "அவர் கேட்கலையே, நான் பொய் சொல்லலையே" என்பார். சகோதரரே, நான் கேட்கிறேன்: வாய் சொல்லாததை விரிப்பு சொல்லிவிட்டதே, அது யாருடைய பொய்?

அரித்த தகட்டில் வெல்டிங் பிடிக்காது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்துத்தான் புதுத்தகடு வைக்கணும். செலவுதான். நாம் கொடுக்காவிட்டால், பின்சீட்டில் உட்காரும் பிறர் பிள்ளை கொடுக்கும். வெட்ட வசதியில்லையா? விரிப்பைத் தூக்கிக் காட்டி விலை பேசுங்கள்.